ஐந்தரை மணி மாரமங்கலம் பஸ்

1

போன வாரம் எங்கள் துறைத் தலைவர் என் மேஜைக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓர் உதவி வேண்டும் என்றார். அடுத்த வருடம் இந்தியாவில் இன்னொரு மலையூரில் ஒரு மாநாடு நடக்கப்போகிறதாம். போன வருடம் ஏற்காட்டு மாநாட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த பயணக் குறிப்புத் தாளை அப்படியே மாதிரியாக வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். "அவ்வளவு நம்பகமான தாளை நான் எந்த மாநாட்டிலும் பார்த்ததில்லை" என்றார்.

 கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.  அந்த நம்பகமான தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் என் மகள் ஒரு சாயங்காலம் பஸ் ஏறினாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், "சுவாரசியமான அனுபவம்" என்றுதான் சொல்லியிருப்பார். இங்கே எல்லாமே சுவாரசியமான அனுபவம்தான்.

நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கில் ஒரு பல்கலைக்கழக ஊர். பாசிகளையும் பெரணிகளையும் ஆராய்கிற துறையின் அலுவலகத்தில் வேலை. நானும் சேலத்தில் தாவரவியல் படித்தவள்தான். ஆனால் நான் வாங்கிய பட்டம் பட்டம்தானா என்று தீர்மானிக்க இங்கே தனியாக ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் இரண்டு வருடம் யோசித்துவிட்டு, ஏறக்குறைய பட்டம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறையப் படித்தவளுக்குத் தட்டச்சு மேஜை போதும். அதில் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது.

2

மாநாட்டை ஏற்காட்டில் வைக்கலாம் என்று முடிவானபோது, இங்குள்ள குழு முதலில் தானே ஒரு குறிப்பு தயாரித்தது. குழுவில் ஒருவரும் சேலம் பக்கமே போனவரில்லை. ஒருவர் பம்பாய் விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்திருக்கிறார், அவர்தான் இந்திய நிபுணர். தண்ணீர் குடிக்காதீர்கள், நறுக்கிய பழம் தின்னாதீர்கள், குரங்கின் கண்ணைப் பார்க்காதீர்கள், ஆளுக்கொரு விசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பக்கம். கடைசி வரி: "மலைவாசிகள் இணக்கமானவர்கள்." அதையும் குரங்குக்கு அடுத்த பத்தியில் போட்டிருந்தார்கள்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்த ஊரில் பிறந்தவள், எனக்குத் தெரியும், நான் எழுதுகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் துறை என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். சேலம் ஜங்ஷனில் இறங்கிப் பஸ் நிலையத்துக்கு எப்படிப் போவது, இருபது கொண்டை ஊசி வளைவில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வயிறு புரட்டாது, ஏரியைச் சுற்றி நடக்க எவ்வளவு நேரம், கிளியூர் அருவிக்கு எந்தச் செருப்பு ஆகாது, ஆரஞ்சு வாங்கும்போது யாரிடம் பேரம் பேசலாம், யாரிடம் பேசினால் அசிங்கம், எல்லாம்.

பஸ் நேரங்களுக்கு மட்டும் அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். ஏற்காட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வைத்திருந்த கடையை இப்போது அண்ணன்தான் பார்க்கிறார். "நீ போனதிலிருந்து ஒண்ணும் மாறலம்மா, மாரமங்கலம் கடைசி வண்டி அதே அஞ்சரைதான்" என்று பதில் வந்தது.

அதை அப்படியே எழுதினேன். மாரமங்கலம், கடைசி பஸ், மாலை ஐந்தரை. அதன் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: "மாலை வெளிச்சத்தில் காப்பித் தோட்டங்கள் வழியே போகும் இந்தப் பயணத்தைத் தவறவிட வேண்டாம்." தாளின் அடியில், எழுதியவர் உள்ளூர்க்காரர் என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான்.

3

எங்கள் வீடு கடைக்கு மேல் மாடி. தெருப்பக்கம் ஒரே ஜன்னல். வயசுக்கு வந்தபின் அந்த ஜன்னல்தான் எனக்குப் பஸ் நிலையம். கான்வென்டு விட்டு வந்து, புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, நான் படித்ததெல்லாம் பஸ்களை. எந்த வண்டி நாகலூர், எது மஞ்சக்குட்டை என்று பார்க்காமலே ஹாரன் சத்தத்தில் சொல்லுவேன். டிரைவர்களில் யார் பீடியை அணைத்துவிட்டு ஏறுவார், யார் அணைக்காமல் ஏறுவார் என்பதுகூடத் தெரியும்.

மாரமங்கலம் வண்டிதான் கடைசி. காலையில் அது வரும்போது கூரையில் பலாப்பழமும் மிளகு மூட்டையும் இருக்கும். சாயங்காலம் போகும்போது எங்கள் கடையிலிருந்து உப்பு, மண்ணெண்ணெய், அலுமினியக் குண்டான், லாந்தர் திரி. அது புறப்பட்டால் அப்புறம் வியாபாரம் கிடையாது. அத்தா கீழேயிருந்து கேட்பார்.

"மாரமங்கலம் போயிருச்சா கண்ணு?"

"போயிருச்சுங்கத்தா."

"அப்ப எடுத்துவைக்கச் சொல்லு."

கடை சாத்துவார்கள். வளைவில் திரும்பும் வரை அதன் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைக் கீழே அழைத்துப் போனதெல்லாம் சேலம் பஸ் ஒன்றுதான். முதலில் கல்லூரி விடுதிக்கு, பிறகு கல்யாணத்துக்கு. அதன்பின் ஊருக்குப் போனது இரண்டே முறை, ஒரு நிக்காஹ், ஒரு மவுத்துத் துக்கம்.

என் மகள் நூருக்கு இப்படி ஜன்னலோடு அடைந்து கிடக்கிற பிரச்சினை எதுவும் இல்லை. அவளுக்குப் பதினேழு வயது. அவள் வளர்ந்த ஊரில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கம்பம், கம்பத்தில் கண்ணாடிக்குள் நேர அட்டவணை. போகிற பஸ் எத்தனை நிமிடத்தில் போகும், வருகிற பஸ் எத்தனை நிமிடத்தில் வரும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எட்டு வயதில் அவள் என்னைத் திருத்துவாள்: "ஏழே முக்கால் இல்லம்மா, ஏழு நாற்பத்திரண்டு." தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் எதிர் வீட்டு நாயை "வாங்க, போங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள். ஏற்காட்டுக்குக் கூட வருகிறாயா என்றபோது, விடுமுறையைக் கெடுக்காதே என்றாள். கடைசியில், மொழிபெயர்ப்பு உதவிக்கு மாநாட்டில் ஒரு சான்றிதழ் தருவார்கள் என்று தெரிந்த பிறகுதான் வந்தாள். சான்றிதழ் என்றால் இந்த நாட்டுப் பிள்ளைகள் எங்கும் வருவார்கள்.

4

மாநாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுபது பேர் ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே சுவர் முழுக்கப் படர்ந்திருந்த பாசியை, உள்ளே திரையில் படமாகப் பார்த்தார்கள். சமவெளியிலிருந்து வந்த நம்முடைய பேராசிரியர்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லாய் மாட்டி, அது டார்ஜிலிங் என்று நினைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், டீ கொண்டுவந்த அம்மாளை "ஏய்" என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த நிமிடம் மேடையேறி மலைமக்களின் மரபறிவைப் போற்ற வேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு "ஏய்" புரியாது.

எனக்கு வரவேற்பு மேஜை. அங்கே நான் விருந்தாளியா வீட்டுக்காரியா என்று ஓட்டல் மேனேஜருக்கு ஒரே குழப்பம். நூரின் கடவுச்சீட்டு வெளிநாட்டுச் சீட்டு என்பதால் அவளுக்குப் போலீசுக்குக் கொடுக்கும் சி பாரம் நிரப்ப வேண்டும். எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், எத்தனை நாள், எதற்காக. எங்கள் கடை அவருடைய ஓட்டல் ஜன்னலிலிருந்து தெரிகிறது. "இவ அந்தக் கடைக்காரரோட தங்கச்சி மவங்க" என்றேன். "தெரியுமுங்க, நான் சோப்பே அங்கதானுங்க வாங்கறேன். ஆனா பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்களே" என்றார்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஊர் சுற்ற விடுமுறை. ஐந்து மணிக்குத் தேநீர். தேநீர் முடிந்ததும் நூர் ஒரு ஜெர்மன் பேராசிரியரோடு வெளியே போனாள். அறுபத்தைந்து வயதுக்காரர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும், கல்லோ மரமோ எதைக் கண்டாலும் மண்டியிடுவார். அவருக்கு நூர்தான் மொழிபெயர்ப்பு. போகும்போது அவள் கையில் என் தாள் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

5

ஆறே கால் மணிக்கு நான் கடைக்கு வந்தேன். டிசம்பர் மாதம், பனியிறங்கி, தெருவிளக்கு மஞ்சளாகக் கரைந்திருந்தது. அண்ணன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நூரு எங்கண்ணே? இங்க வந்தாளா?"

"இல்லியேம்மா. ஓட்டல்ல இல்லியா?"

கடை வாசலில் கொய்யாப்பழம் விற்கிற அங்கம்மா கூடையைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க புள்ளதானுங்களே, வெள்ளக்காரரு கூட அஞ்சரை வண்டில ஏறுச்சுங்க. நான்கூடப் பழம் குடுத்தேன். சன்னல் சீட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கு டாட்டா காட்டுச்சுங்க."

"எந்த அஞ்சரை வண்டி?"

"மாரமங்கலந்தானுங்க. வேற ஏது?"

அண்ணன் துணியைக் கீழே வைத்தார். "அது ஹால்ட்டு வண்டியாச்சேம்மா."

உள்ளூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசிப் பஸ் போய்ச் சேர்ந்த ஊரிலேயே ராத்திரி நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்து, விடிந்ததும் அதை முதல் வண்டியாகத் திருப்பிக்கொண்டு வருவார்கள். நானும் பதினெட்டு வருடம் அது சாயங்காலம் போவதையும் காலையில் வருவதையும் பார்த்தவள்தான். அது திரும்பாது என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், அங்கம்மாவுக்கும் தெரியும். மழை பெய்தால் நனையும் என்று யாராவது எழுதிவைப்பார்களா? அதனால் நான் எழுதவில்லை. கடிதத்தில் அண்ணனும் எழுதவில்லை. என் மகளோ, போன பஸ் பக்கத்துக் கட்டத்தில் திரும்பி வரும் ஊரில் பிறந்தவள்.

மாரமங்கலத்தில் டெலிபோன் இல்லை. அண்ணன் ஓடிப்போய் மஞ்சக்குட்டை ஜீப்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து மழைல பாதி வழில மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க. பஸ்ஸு ஒரு ஓரமாப் போயிட்டு இருக்குது. இந்தப் பனில நான் போனா, உங்க புள்ளயத் தேடறதோட என்னையும் தேடணுமுங்க."

"பஸ் போய்ச் சேந்திருக்குமா?"

"சேந்திருக்குமுங்க. அது தினம் போறதுதானுங்களே."

ஓட்டலுக்குப் போனேன். மாநாட்டுச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேராசிரியர் நாளைக் காலை பத்து மணி அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டியவராயிற்றே என்றார். மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "ரெண்டு பாரினருங்க ராத்திரி வேற எடத்துல தங்கினா, நான் இங்க தங்கினாங்கன்னு எழுதறதா, தங்கலன்னு எழுதறதாங்க? எழுதலன்னாலும் தப்பு, எழுதினாலும் தப்பு." நான் பெற்ற பிள்ளை சரிந்த மண்ணில் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். இவர்களுக்கு ஒருவருக்கு அமர்வு, ஒருவருக்குக் கட்டம்.

வெளியே வந்ததும் அண்ணன் தாழ்ந்த குரலில், "அந்த ஆளு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"பாசி பாக்கற ஆளுண்ணே. கெழவர்."

"எனக்குத் தெரியுது. ஊருக்கு என்ன சொல்றது?"

 ஜெர்மனிக்கு டிரங்க் கால் போட்டு அவள் அப்பாவிடம் சொல்வதா என்று யோசித்தேன். சொல்லவில்லை. இன்றுவரை அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அந்த ராத்திரியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. பழைய ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

6

ஏழு மணிக்கு வளைவில் ஹாரன் கேட்டது. பார்க்காமலே தெரிந்தது. செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன்.

முதலில் மூட்டைகள் இறங்கின. பிறகு பேராசிரியர், தாடியில் வைக்கோல் தூசியும் கையில் செய்தித்தாளில் பொதிந்த ஏதோ ஒரு பாசியுமாக, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் முகத்தோடு இறங்கினார். கடைசியில் நூர். தலைமுடியெல்லாம் புகைவாசம். கையில் முடிச்சுப் போட்ட ஒரு துணி. சிரித்துக்கொண்டு வந்தாள்.

நான் அந்தத் தெருவில் நின்று என்னென்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. படித்தவள் பேசுகிற பேச்சில்லை.  கண்டக்டர்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுவே வந்தார். நடுவயதுக்காரர், காதில் மப்ளர்.

"ஏனுங்கம்மா, புள்ளய எதுக்குங்க பேசறீங்க? எறங்குனதும் திரும்பி எப்பக் கெளம்புமுன்னு கேட்டுச்சுங்க. காலைல சாமின்னேன். இல்ல, எழுதிருக்குதுன்னு ஒரு தாளக் காட்டுச்சு. வாங்கிப் பாத்தனுங்க. போற நேரந்தான் போட்டிருந்துச்சு. வார நேரம் இல்ல."

"அவரு எங்க தங்கினாரு?" என்று அண்ணன் கேட்டார்.

"தொரையா? எங்க கூட வண்டிலதானுங்க. நொம்பக் கொறட்டைங்க. டிரைவரு எந்திரிச்சு, இஞ்சின் ஓடுதான்னு பாத்தாருங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மூச்சு விட்டார். "பாப்பாவ நம்ம சின்னப்பொண்ணு ஊட்டுல விட்டமுங்க. உங்க கடைக்கு வருமே, அந்தம்மா ஊடுதான்." பிறகு என்னிடம் திரும்பி, குற்றம் சொல்கிற குரலில்லாமல், தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்: "அந்தத் தாள எழுதுனது யாருங்கம்மா? நம்ம வண்டில வந்தவங்களாட்டத் தெரியலீங்களே."

அண்ணன் என்னைப் பார்த்தார். அங்கம்மா கூடையோடு நின்று பார்த்தாள்.

"நாந்தாங்க," என்றேன். "வந்ததில்லீங்க."

அவர் பையைச் சரிசெய்துகொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மாடிக்கு வந்ததும் நூர் அந்தத் துணியை அவிழ்த்தாள். சாமை அரிசி, ஒரு படி இருக்கும். சின்னப்பொண்ணு கொடுத்தாளாம். அடுப்போரம் உட்காரவைத்து, சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டு, கம்பளியைப் போர்த்திவிட்டு, நூரின் உடைந்த தமிழில் கதை கேட்டிருக்கிறாள். பாய் கடை மாடியில் உட்கார்ந்திருக்குமே ஒரு பெண், அதன் மகளா நீ என்று கேட்டாளாம். எனக்கு அவள் முகம் ஞாபகம் வரவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

"இன்னும் ஒண்ணு கேட்டாங்கம்மா," என்று நூர் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள். "நாங்க வாராவாரம் உங்க கடைக்கு வாரோம். உங்கம்மா ஏன் கண்ணு ஒரு நாளும் எங்க ஊட்டுக்கு வரலைன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன். ஏன் வரல?"

விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பாதி நிஜம். எங்களிடம் உப்பு வாங்குகிறவர்கள் வீட்டுக்கு நாங்கள் போகிற வழக்கம் இல்லை, போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஜெர்மன் குழு எழுதிய "இணக்கமானவர்கள்" என்ற வரியை நான் சிவப்பு மையால் அடித்தவள். அவர்களாவது போகாத ஊரைப் பற்றித் தெரியாமல் எழுதினார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, தவறவிட வேண்டாம் என்று எழுதினேன்.

"கோவமா இருந்தா அப்புறம் திட்டும்மா," என்று நூர் ஜெர்மனுக்கு மாறினாள். "ஆனா போகாதேன்னு நீ சொல்லல. நீதான் போன்னு எழுதியிருந்த."

7

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. அவளுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அவள் அறைக் கதவில் ஒட்டிவைத்திருப்பது மாரமங்கலம் பஸ் டிக்கெட். வருகிற விடுமுறையில் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கப்போகிறாளாம், தனியாக. என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தேதி சொன்னாள். இங்கேயே அவள் ஏழு நாற்பத்திரண்டு பஸ்ஸில் வராமல் அடுத்ததில் வந்தால், நான் கம்பத்தடியில் போய் நிற்கிறேன். அவளுக்கு அது வெட்கமாக இருக்கிறது. நான் இன்னும் அந்த மாரமங்கலம் ஹாரனுக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

துறைத் தலைவருக்காகத் தாளை மறுபடி தட்டச்சு செய்தேன். மாரமங்கலம் வரியின் கீழே, இந்தப் பஸ் அன்று திரும்பாது, மறுநாள் காலையில்தான் வரும் என்று சேர்த்தேன். மாலை வெளிச்சத்தை எடுத்துவிட்டேன். அடியில் உள்ளூர்க்காரர் என்று இருந்த இடத்தில், "இதை எழுதியவர் மாரமங்கலம் பஸ்ஸில் ஏறியதில்லை" என்று அதே தடித்த எழுத்தில் போட்டேன்.

தலைவர் படித்துவிட்டு, இதை எடுத்துவிடலாமே என்றார். பயணக் குறிப்புகளில் இப்படி எழுதும் வழக்கமில்லை, வாசிப்பவர்களுக்கு நம்பிக்கை குறையும்.

"குறையட்டும் என்றுதான் போட்டேன். அது இல்லாமல் தாள் கிடையாது," என்றேன். பதினோரு வருடத்தில் அந்த மனிதரிடம் நான் மறுத்துச் சொன்ன முதல் விஷயம் இது. யோசிக்கிறேன் என்று போனார்.

பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். நூர் படித்திருக்கிறாள். நான் சமையலறையில் இருந்தபோது, அந்தக் கடைசி வரியில், ஏறியதில்லை என்பதற்கு முன்னால், பென்சிலால் 'இதுவரை' என்று எழுதிவைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தப் பிரதியையே அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தலைவர் அதைப் பார்த்து, இது பிழைத்திருத்தமா, தட்டச்சில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.

சேர்க்கிறேன் என்றேன்.